மொய்ப் பணத்தில் பிறக்கும் அணி

ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத்தின் தலைவர் பீட்டர் விலாண்டிஸ் அவர்களுக்கும், ஆணைய உறுப்பினர்களுக்கும், பிஎன்ஜி சீஃப்ஸ் கிளப்பை நடத்தப்போகிறவர்களுக்கும்,

வணக்கம்.

2028-ல் பப்புவா நியூ கினி அணி, பிஎன்ஜி சீஃப்ஸ் என்ற பெயரில், ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லில் இறங்கப்போகிறது. அதை எதிர்த்து இந்தக் கடிதத்தை எழுதவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் ஆல்பனீசியும் பப்புவா நியூ கினிப் பிரதமர் மராப்பேயும் உங்களோடு நின்று அறிவித்ததைக் கேட்டு, பிரிஸ்பேனில் என் வீட்டுக் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கைதட்டியவன் நான். என்ன ஆச்சோ என்று சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். "ஒன்றுமில்லை, கோரோகா ஜெயித்துவிட்டது" என்றேன். அவருக்குப் புரிந்தது. பப்புவா நியூ கினியின் மலைநாட்டு ஊர் கோரோகா; நாங்கள் இருவரும் அந்த மலையில் ஆறு வருடம் இருந்தவர்கள்.

கோரோகா இருக்கும் ஈஸ்டர்ன் ஹைலண்ட்ஸ் மாகாணத்தில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் அப்படிப் போன வாத்தியார்கள் பலர். போன புதிதில் எனக்கு இந்த ஆட்டத்தின் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. (தமிழில் படிப்பவர்களுக்காக ஒரு வரி: பக்கத்துக்கு 13 பேர், பந்தை முன்னால் எறியக் கூடாது, ஆறு முறை பிடித்து வீழ்த்திவிட்டால், அதாவது ஆறு டாக்கிள் ஆனால், பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடியை ஒரு பெரிய மைதானத்தில் பந்தோடு ஆடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதி புரிந்த மாதிரி.) 1990-ல் கோரோகாவில் பப்புவா நியூ கினியின் தேசிய அணியான குமுல்ஸ் கிரேட் பிரிட்டனை 20-18 என்று தோற்கடித்தது. நான் போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகு. ஆனாலும் அன்று மைதானத்தில் இல்லை என்று ஒப்புக்கொண்ட ஒரே ஒரு ஆளைக்கூட நான் அந்த ஊரில் பார்த்ததில்லை. அத்தனை பேரும் உண்மையிலேயே உள்ளே இருந்திருந்தால் மைதானம் பிதுங்கி மலையிலிருந்து உருண்டிருக்கும்.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் கந்தல் துணியும் புல்லும் திணித்து, வாயை இறுக்கி மூடி, அதைப் பந்தாக்கி வைத்திருந்தான். பாட்டில் வெறுமையாக இருந்தால் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், எடை வேண்டும் என்று எனக்கே விளக்கம் சொன்னான். சரளைக்கல் தரையில் வெறுங்காலோடு அதை உதைத்தால், நாற்பது அடி தள்ளியிருந்த கொட்டகைக் கம்பத்தில் பத்துக்கு ஏழு முறை படும். நான் எண்ணியிருக்கிறேன், கணக்கு வாத்தியார் புத்தி. அல்ஜீப்ராவில் அவன் சுமார்தான். ஆனால் ஆட்டம் நடக்கும்போது எத்தனையாவது டாக்கிள், எத்தனை மீட்டர் பாக்கி என்று பேச்சின் நடுவிலேயே சொல்லிக்கொண்டிருப்பான்.

ஒரு முறை தலைநகரில் வீரர் தேர்வு என்று தகவல் வந்தது. போர்ட் மோர்ஸ்பிக்கு மலையிலிருந்து சாலையே கிடையாது. இன்றைக்கும் கிடையாது. ஹைலண்ட்ஸ் நெடுஞ்சாலை லே துறைமுகத்தோடு நின்றுவிடும். அதற்கு மேல் விமானம்தான். அவன் வீட்டில் இருந்தவை கொஞ்சம் காப்பிச் செடியும் மூன்று பன்றிகளும். ஒரு பன்றியை விற்கலாமா என்று பேசினார்களாம். அதற்குள் தேர்வு முடிந்துவிட்டது. அவன் எந்தக் கண்ணீரும் விடவில்லை, அடுத்த நாள் வழக்கம்போலப் பாட்டிலை உதைத்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் இன்றுவரை மனசு ஆறவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் திட்டத்துக்கு ஆஸ்திரேலிய அரசு 10 ஆண்டுகளுக்கு 60 கோடி டாலர் தருகிறது. அதில் ஒரு பெரும்பங்கு சீஃப்ஸ் அணிக்கு, இன்னொரு பங்கு பசிபிக் தீவுகளிலும் பப்புவா நியூ கினியிலும் ஆட்டத்தை அடிமட்டத்தில் வளர்ப்பதற்கு. பணம் எதற்காக வருகிறது என்பதும் ஊருக்கே தெரிந்த ரகசியம். 2022-ல் சாலமன் தீவுகள் சீனாவோடு பாதுகாப்பு உடன்பாடு போட்டதும் கான்பெராவுக்குத் தூக்கம் போய்விட்டது. பப்புவா நியூ கினியும் அந்தப் பக்கம் சாய்ந்தால் ஆஸ்திரேலியா பணத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்த அன்றே எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. 2025 அக்டோபரில் இரு நாடுகளும் புக்புக் என்ற பாதுகாப்பு ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டன. பப்புவா நியூ கினியில் பேசும் டோக் பிசின் மொழியில் புக்புக் என்றால் முதலை. பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் கல்யாண வீட்டில் மொய் எழுதுவார்கள். வாசலில் மேசை போட்டு ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, யார் எவ்வளவு என்று குறித்துக்கொள்வார். நாளைக்கு மொய் வைத்தவர் வீட்டில் விசேஷம் வந்தால், அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்து, மேலே கொஞ்சம் போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். மவுண்ட் ஹாகன் பக்கத்து மக்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர்களிடம் மோகா என்ற கொடுக்கல் வாங்கல் முறை இருக்கிறது. அங்கே பன்றிகளும், ஒரு காலத்தில் முத்துச்சிப்பிகளும் கைமாறின. வாங்கியதைவிடக் கூடுதலாகத் திருப்பிக் கொடுப்பவன்தான் பெரிய மனுஷன், பிக்மேன். ஆகவே இந்த 60 கோடி அன்பளிப்பு இல்லை, மொய் என்பது அந்த மலைக்காரர்களுக்கு உங்களைவிட நன்றாகவே புரியும். அதில் அவர்களுக்குக் கோபமும் இருக்காது. மொய் வாங்குவது தப்பில்லை.

என் கவலை வேறு. மொய் வைத்தவர் மனம் மாறினால்? அரசுகள் மாறும், பிரதமர்கள் மாறுவார்கள், முதலையும் ஒரு நாள் வாயை மூடிக்கொள்ளும். பத்து வருடம் எப்படியோ ஓடிவிடும். பதினோராவது வருடம் இந்த அணி எதன்மேல் நிற்கும்?

இந்தக் கேள்வியை உங்களிடம் கேட்கக் காரணம் உங்கள் பழைய கணக்குதான். பெர்த்தில் வெஸ்டர்ன் ரெட்ஸ் 1995-ல் வந்தது, 1997-ல் போனது. சவுத் குயின்ஸ்லாந்து க்ரஷர்ஸும் அதே மூன்று வருடம்தான். அடிலெய்ட் ராம்ஸ் இரண்டே சீசன். ஐரோப்பியப் போட்டியில் 1996-ல் பாரிஸில் ஓர் அணி வைத்தார்கள். பெயர் பிரெஞ்சு, ஆடியவர்களில் பலர் சுற்றுலா விசாவில் வந்த ஆஸ்திரேலியர்கள். அதுவும் இரண்டு வருடத்தில் மூடு விழா. அதே போட்டியில் ஆடிய கனடாவின் டொரன்டோ அணி 2020-ல் சீசன் நடுவிலேயே விலகிவிட்டது. அந்த ஊர்களில் ஆட்டத்தை விரும்பியவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் ஊரிலிருந்து ஆட்டக்காரன் வளர்ந்து வருவதற்குள் பணம் தீர்ந்துவிட்டது. எதிர்ப்பக்கத்தில் மெல்போர்ன் ஸ்டார்ம் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், 1998-ல் பிறந்து மறு வருடமே கோப்பை வாங்கியது. அந்த 1999 அணியில் ஓரத்தில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் யார்? பப்புவா நியூ கினியின் மார்கஸ் பாய்.

இன்னொரு பெயரும் சொல்கிறேன், கணக்கு வாத்தியாரின் பெருமைக்காக. ஜஸ்டின் ஓலம். சிம்பு மாகாணத்துக்காரர். லேயில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். பப்புவா நியூ கினியின் ஹன்டர்ஸ் அணி வழியாக மெல்போர்னுக்குப் போய், 2020-ல் கோப்பை, 2021-ல் அந்த ஆண்டின் சிறந்த சென்டர் விருது. அந்த ஏணியின் நடுப்படி ஹன்டர்ஸ் என்பதைக் கவனியுங்கள்.

ஹன்டர்ஸைப் பற்றி உங்கள் அறிவிப்புகளில் ஓரிரு வரிதான் கண்ணில் படுகிறது. எனக்கு அது போதவில்லை. 2014-ல் என்ஆர்எல்லுக்கு ஒரு படி கீழே உள்ள குயின்ஸ்லாந்து கோப்பைப் போட்டிக்கு வந்தார்கள். போர்ட் மோர்ஸ்பி மைதானம் அப்போது தயாராக இல்லை என்று கோகோபோவின் கலாபொண்ட் ஓவலில் சொந்த ஆட்டங்களை ஆடினார்கள். 2017 இறுதி ஆட்டத்துக்கு நானும் போயிருந்தேன், சன்கார்ப் மைதானம். சன்ஷைன் கோஸ்ட் முன்னிலையில் இருந்தது. கடைசி நிமிடங்களில் வில்லி மினோகா கோட்டுக்கு அப்பால் விழுந்து பந்தைத் தரையில் வைத்தார், அதுதான் டிரை; 12-10 என்று ஜெயித்தோம். எனக்கு முன் வரிசையில் இருந்த ஒரு அம்மாள் பையிலிருந்து நாட்டுக் கொடியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்தவர் பாக்கு நீட்டினார். பாக்கு, சுண்ணாம்பு எல்லாம் நம்ம ஊர் மாதிரிதான், வெற்றிலைக்குப் பதில் அதன் கொடியில் காய்க்கும் நீளக் காயைக் கடிப்பார்கள். மைதானத்துக்குள் அதை எப்படிக் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த அணியில் விலைக்கு வாங்கிய நட்சத்திரம் யாருமில்லை. மாகாணங்களிலிருந்து பொறுக்கியெடுத்த பையன்கள், பயிற்சியாளர் மைக்கேல் மாரும் உட்பட உள்ளூர்க்காரர்கள்.

இப்போது சீஃப்ஸ் பற்றிக் காதில் விழுவதெல்லாம் வேறு மாதிரி இருக்கிறது. வெளியிலிருந்து வரும் வீரர்களுக்கு வரிச் சலுகை, காவலோடு கூடிய குடியிருப்பு வளாகம், குடும்பத்துக்கு வசதிகள். போர்ட் மோர்ஸ்பியின் பாதுகாப்புப் பிரச்சினை கற்பனை இல்லை. 2024 ஜனவரி 10 அன்று, சம்பளப் பிடித்தத்தால் காவலர்கள் வேலையை விட்டு வெளியேறிய சில மணி நேரத்தில் நகரத்தில் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தோம். ஆகவே மதில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் சில வருடம் வெளிநாட்டு வீரர்கள் இல்லாமல் என்ஆர்எல் தரத்தில் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் மதிலுக்குச் செலவாகிற ஒவ்வொரு டாலருக்கும் மதிலுக்கு வெளியே எவ்வளவு போகிறது? அதை யார் எண்ணுகிறார்கள்?

எண்ணிச் சொல்லுங்கள் என்பதுதான் நான் கேட்பது. ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஒரு பட்டியலை வெளியிடுங்கள்: முதல் அணியில் பப்புவா நியூ கினிப் பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள் எத்தனை பேர், எந்தெந்த மாகாணம். பாட்டனாரின் ஊரைச் சொல்லித் தகுதி பெறுகிறவர்களைத் தனி வரியில் போடுங்கள்; அவர்களும் நம்மவர்கள்தான், ஆனால் அவர்களை வளர்த்தது சிட்னியும் கெய்ன்ஸும். முதல் வருடம் அந்த எண் சின்னதாக இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். ஐந்தாவது வருடமும் அதே எண் என்றால், பதினோராவது வருடத்துக்கான பதில் அப்போதே தெரிந்துவிடும்.

வீரர் தேர்வைத் தலைநகரில் வைக்காதீர்கள். தேர்வாளர்களுக்கு விமான டிக்கெட் எடுத்துக் கொடுங்கள். அவர்கள் வபாக், கிம்பே, மெண்டி என்று போகட்டும். பன்றியை விற்க வேண்டிய கட்டாயம் பையன் வீட்டுக்கு வேண்டாம். ஹன்டர்ஸுக்கு வரும் பணத்தில் கை வைக்காதீர்கள். சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் ஒன்றாவது லேயிலோ கோகோபோவிலோ நடக்கட்டும். மோர்ஸ்பி மைதானத்தில் சுமார் 15,000 பேர்தான் உட்கார முடியும், நாட்டில் ஒரு கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். மற்றவர்கள் கூரை ஏறியும் தொலைக்காட்சியிலும்தான் பார்க்கப்போகிறார்கள்.

பெண்கள் பற்றியும் எழுத வேண்டும். நாட்டின் பெண்கள் அணியான ஆர்க்கிட்ஸ் 2017-ல்தான் முதல் சர்வதேச ஆட்டம் ஆடியது. 2022-ல் நடந்த உலகக் கோப்பையிலேயே அரையிறுதி. அங்கே ஆஸ்திரேலியாவிடம் 82-0 என்று தோற்றார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. எல்சி ஆல்பர்ட் மாதிரி ஒருவர் என்ஆர்எல் பெண்கள் போட்டிவரை வந்தது எவ்வளவு தூரம் என்று அந்த நாட்டில் ஒரு பெண் குழந்தைக்கு வாத்தியாராக இருந்தவனுக்குத் தெரியும். சீஃப்ஸின் பெண்கள் அணி எந்த வருடம் என்று ஒரு தேதி சொல்லுங்கள். தேதி இல்லாத வாக்குறுதிகளை அந்த மக்கள் நிறையவே கேட்டிருக்கிறார்கள்.

கடைசியாக அந்தப் பெயர். சீஃப்ஸ் என்றால் தலைவர்கள். ட்ரோப்ரியாண்ட் தீவுகள் மாதிரி சில இடங்களில் தலைமை பரம்பரையாக வரும். மலையில் அப்படி இல்லை, அப்பா பிக்மேன் என்பதற்காக மகனை யாரும் மதித்துவிட மாட்டார்கள். அவன் கையால் எத்தனை பன்றி கொடுத்தான் என்று பார்ப்பார்கள். உங்கள் அணியையும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு பழைய கணக்கு வாத்தியார், பிரிஸ்பேன்

பி.கு.: கோரோகாவில் தேர்வு வைத்தால் காலை பத்து மணிவாக்கில் ஆரம்பியுங்கள். அதற்கு முன் மூட்டம் விலகாது, பந்தும் தெரியாது, உங்கள் விமானமும் இறங்காது. மத்தியானத்துக்கு மேல் மழை வந்துவிடும். பையன்கள் எப்படியும் விடியும் முன்பே வந்து காத்திருப்பார்கள், அவர்களுக்குக் காலைச் சாப்பாடு போடுங்கள்.