‘தாத்தா’ என்று அழைக்கப்படும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

சென்ற ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கு வெளியே பூக்கடை முன்னால் நாம் நின்றிருந்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். பூக் கட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா நிமிர்ந்து உன் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகு கையிலிருந்த நாரைக் கீழே வைத்துவிட்டு, “தாத்தா, கால் வலி தேவலையா?” என்று கேட்டார். உனக்கு வயது முப்பத்து மூன்று. அவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். நீ சிரித்தாய். இரண்டு முழத்துக்குப் பணம் நீட்டினாய். அவர் ஒரு முழத்துக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். பஃபலோ ரோட்டைக் கடக்கும்வரை நீ வாய் திறக்கவில்லை. மறுபக்கம் வந்த பிறகுதான் சொன்னாய்: “அண்ணே, அந்தத் தாத்தா வேடத்தை இனிமேல் போட மாட்டேன். அடுத்த ஆண்டு நாடகத்தை மறுபடி மேடையேற்றும்போது வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.”

அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொல் வரவில்லை. ஒரு வாரமாக மனத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், நம் சிங்கப்பூர்த் தமிழ் மேடையிலும் தொலைக்காட்சியிலும் உன் நிலையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதே. உன் பெயரையும் நாடகத்தின் பெயரையும் எழுத மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். உன் மனத்தாங்கல் நியாயமானது. அந்த நாடகம் தொலைக்காட்சிக்குப் போன பிறகு உன்னைத் தேடி வந்த வேடங்கள் எல்லாமே கிழவர்கள்தாம். மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் கிழவர், பேரனுக்குப் புத்தி சொல்லும் கிழவர், இரண்டாம் காட்சியில் இறந்து சுவரில் படமாகிவிடும் கிழவர். சென்னையில் ஒரு நடிகருக்கு ஒரு வேடத்தின் சாயத்தை அடுத்த படத்தில் கழுவிக்கொள்ள வாய்ப்பு உண்டு. இங்கே வசந்தம் ஒன்றுதான் தமிழுக்குத் தொலைக்காட்சி. நாடகக் குழுக்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். சனிக்கிழமை உன்னை மேடையில் பார்த்தவர் திங்கட்கிழமை எம்ஆர்டி ரயிலில் உனக்கு எதிரே உட்கார்ந்திருப்பார். சின்ன ஊரில் ஒரு வேடம் அழுத்தமாகவே ஒட்டும். நடிகரைத் தேர்ந்தெடுப்பவர்கள் கொஞ்சம் மெனக்கெட்டால் உன்னிடம் வேறு மனிதர்களும் இருப்பது தெரியும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் வேடம் பெயராக ஒட்டுவதையே இழிவாக நினைக்கிறாயே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. தமிழில் பெயருக்கு முன்னால் உள்ள இடம் தகப்பனுக்கு உரியது. அங்கே அவர் பெயரின் முதலெழுத்து நிற்கும், சில வேளை ஊர்ப்பெயரும் சேர்ந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு வேடத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்தது நம் நாடக உலகம். டி.கே.எஸ். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம், ஔவையாராக நடித்த பிறகு ‘அவ்வை’ சண்முகம் ஆனார். சென்னையில் லாயிட்ஸ் சாலையாக இருந்தது இன்று அவ்வை சண்முகம் சாலை. ஓர் ஆண் மூதாட்டியாக நின்ற மேடையின் நினைவு, ஒரு மாநகரத் தெருவின் பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருக்கிறது. ராஜமாணிக்கம், பக்த ராமதாஸ் நாடகத்தில் நவாபாக வந்து ‘நவாப்’ ராஜமாணிக்கமாகவே நிலைத்தார். சௌகார் ஜானகிக்கு வாய்த்தது இன்னும் விந்தையானது. 1950-ல் அவர் கதாநாயகியாக அறிமுகமான தெலுங்குப் படத்தின் தலைப்பு அது. வட்டிக்குக் கொடுத்து வாங்கும் வணிகரைக் குறிக்கும் அந்தச் சொல் அவருடைய பாத்திரத்துக்கு உரியதுகூட அல்ல. இருந்தும் அந்த அடைமொழியோடுதான் தமிழ் இரசிகர்கள் அவரை அறிந்திருக்கிறார்கள்.

சிவாஜியை எடுத்துக்கொள். வி.சி. கணேசன் என்ற இளைஞர் அண்ணா எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ நாடகத்தில் சிவாஜியாக நடித்தார். அண்ணாவே அதில் காகபட்டராக வேடமிட்டார். அந்த நடிப்பைப் பார்த்த பெரியார்தான் அவரைச் ‘சிவாஜி’ கணேசன் ஆக்கினார். 1952-ல் ‘பராசக்தி’ வெளிவந்தபோது அந்தப் பெயர் அவரோடு ஏற்கெனவே சேர்ந்திருந்தது. உனக்கும் எனக்கும் அந்த மேடைச் சிவாஜியைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அந்த நடிப்பு அன்றைய பார்வையாளர்களின் கண்ணோடு போய்விட்டது. பெயர் மட்டும் மிஞ்சியது. அந்தப் பெயரைச் சுமந்துகொண்டே அவர் 1959-ல் கட்டபொம்மன் ஆனார். அடுத்த ஆண்டு கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அந்த வேடத்துக்காகச் சிறந்த நடிகர் விருது பெற்றார். சிக்கல் சண்முகசுந்தரமும் பிரெஸ்டீஜ் பத்மநாபனும் அதன் பிறகே வந்தார்கள். வந்தவர்கள் எவருக்கும் ‘சிவாஜி’ என்ற சொல் வழிமறித்து நிற்கவில்லை.

“அவர் சிவாஜி அண்ணே, நான் யார்?” என்று நீ கேட்பது காதில் விழுகிறது. சரி, உன்னைப்போலவே இளமையில் கிழவராக்கப்பட்டவர்களிடம் வருகிறேன். 1947-ல் ‘நாம் இருவர்’ படத்தில் முதியவராக வந்தபோது வி.கே. ராமசாமிக்கு வயது இருபத்தொன்று. வேடம் முந்திக்கொண்டது, முதுமை பல ஆண்டு கழித்துத்தான் அவரிடம் வந்து சேர்ந்தது. சுந்தரராஜன், கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் பார்வை இழந்த, ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரியாக நடித்தார். 1966-ல் அது படமானபோதும் அவர்தான் மேஜர். அப்போது அவருக்கு உன் வயதுகூட ஆகவில்லை. அதன் பிறகு தகப்பனாகவும் பெரியவராகவும் எத்தனையோ படங்கள். ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்லிவிட்டு அதையே தமிழில் திருப்பிச் சொல்லும் பாணி ஒன்று அவரிடம் உண்டு. பலகுரல் கலைஞர்கள் இன்றும் அதைச் செய்து கைதட்டல் வாங்குகிறார்கள். அந்தப் பாணி அவர்களுக்கு வந்துவிடுகிறது. கண் தெரியாத அந்தப் பெரியவர் வருவதில்லை.

இந்த இடத்தில்தான் உன்னிடம் சொல்லக் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாதே.

முதல் மேடையேற்றத்துக்கு முன்பு நீ என்ன செய்தாய் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஈசூனில் உங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில், மாலை நேரத்தில் பெரியவர்கள் கூடும் கல்மேசைக்கு அருகே ஆறு வாரம் போய் உட்கார்ந்தாய். ஒத்திகைக்கு வந்து எங்களிடம் ஒவ்வொன்றாகச் சொல்வாய். முதியவர்கள் எழும்போது முழங்காலைப் பிடிப்பதில்லை. காலை எங்கே ஊன்றலாம் என்று முதலில் தரையைப் பார்க்கிறார்கள். இறங்க வேண்டிய இடத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே சட்டைப் பையிலிருந்து ஈசி-லிங்க் பயண அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொள்கிறார்கள். சில்லறையைப் பார்த்து எண்ணுவதில்லை. கட்டைவிரலால் தடவியே எண்ணுகிறார்கள். அந்த அட்டையை நீ மேடையில் செய்தாய். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்த அந்த மனிதர், பேருந்தே இல்லாத மேடையில், அட்டையைக் கையில் பிடித்தபடி மகன் வீட்டுக்குப் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றார். வசனமே கிடையாது. பக்கத்திரை ஓரத்தில் பிரதியோடு நின்ற எனக்கு அடுத்த வரியை எடுத்துக்கொடுக்கும் வேலையே மறந்துபோயிற்று. அரங்கில் ஒருவர் மூக்கை உறிஞ்சும் ஓசை மட்டும் கேட்டது.

தொலைக்காட்சியில் இரண்டாம் பருவம் வந்தபோது அந்த அட்டை காணாமல் போயிருந்தது. அதற்குப் பதிலாக ஓர் இருமல் வந்திருந்தது. இடுப்பில் கை வைப்பது வந்திருந்தது. இருமினால் சிரிக்கிறார்கள் என்று தெரிந்ததும் காட்சிக்கு மூன்று முறை இருமினாய். பிறகு வந்த கிழவர்கள் எல்லாருக்கும் அதே இருமலைத்தான் கொடுத்தாய். தம்பி, உனக்குச் சலித்துப்போனது துறைமுகத்துப் பெரியவர் அல்ல. அவரைப் பார்த்து நீயே செய்யும் பலகுரல் உனக்குச் சலித்துவிட்டது. அவரை விட்டு ஓடினால் அந்தப் பழக்கமும் உன்னோடு ஓடிவரும். நாளை உனக்கு இளைஞன் வேடம் கிடைத்தாலும் அதற்கும் ஓர் இருமலைக் கண்டுபிடித்துவிடுவாய்.

ஓடிப்போனவன் என்ற முறையில்தான் இதைச் சொல்கிறேன். 1979-ல் எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு சமூக நிலைய மேடையில் மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளையாக வந்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடும் மனிதர். மூன்று காட்சிதான். அடுத்த வாரமே வேலையிடத்தில் ‘கணக்குப்பிள்ளை’ என்றார்கள், கோயிலில் என்றார்கள், பெண் பார்க்கப் போன வீட்டிலும் என்றார்கள். எனக்குள்ளே எரிந்தது. இரண்டாம் முறை நாடகம் போட்டபோது மறுத்துவிட்டேன். பிரதியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன் என்று சொன்னேன். என் இடத்துக்கு வந்தவர் நான் செய்ததையே செய்தார், சபை சிரித்தது. அவருக்கு நான்தான் வரி எடுத்துக்கொடுத்தேன். அந்த ஒரு வேடத்தை உதறினால் மற்ற வேடங்கள் தேடி வரும் என்று நம்பியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. என்னைத் தேடி வருகிறவர்களுக்கு அந்தக் கணக்குப்பிள்ளைதான் முகவரி. அந்த வீட்டைப் பூட்டியவன் நான். அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுக்கு மேல் பிராம்ப்டராகவே நின்றிருக்கிறேன். அந்தப் பணியை நேசித்தேன். ஆனாலும் அரிதாரத்தின் வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் அந்தக் கண்ணாடியை நினைத்துக்கொள்வேன்.

வேடத்தை விட்டு விலகுவதற்கு நல்ல காரணங்களும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் எமனாக மேடையில் தோன்றியபோது, அந்தக் கோலத்தைக் கண்டு நடுங்கிய கர்ப்பிணி ஒருவருக்குக் கரு கலைந்துபோனது என்றும், அன்றோடு அவர் வேடம் கட்டுவதை விட்டார் என்றும் நாடகக்காரர்கள் சொல்வார்கள். அதன் பிறகு நாடகம் எழுதினார். பிள்ளைகளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் பயின்றவர்களில் ஒருவர்தான் மேலே சொன்ன அவ்வை சண்முகம். பிறருக்குத் தீங்கு நேர்ந்துவிட்டதே என்று விலகியவர் அவர். பூக்கடை அம்மா உன்னிடம் கால் வலியை விசாரித்தார், அவ்வளவுதான்.

நம் ஊரிலேயே ஒருவர் இருக்கிறார், நீ சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர். குர்மித் சிங் 1997 முதல் 2007 வரை தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றில் புவா சூ காங் என்ற பாத்திரமாக வந்தார். சீக்கியப் பெயர் கொண்ட ஒருவர் சுருட்டை முடியும், கன்னத்து மச்சமும், மஞ்சள் ரப்பர் காலணியுமாகச் சீனக் குத்தகைக்காரராக நின்றார். நாடு முழுவதும் அவரை நம்பியது. அந்தப் பாத்திரம் பேசும் ஆங்கிலத்தைப் பற்றி 1999 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் கோ சோக் டோங்கே பேசினார். 2003-ல் சார்ஸ் பரவியபோது மக்களுக்கு அறிவுரை சொல்ல அந்த மஞ்சள் காலணிதான் வந்தது. தொடர் முடிந்து பதினான்கு ஆண்டு கழித்து, 2021-ல், கோவிட் தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லவும் அவரைத்தான் கூப்பிட்டார்கள். பயந்திருந்த நேரத்தில் மக்களுக்குத் தெரிந்த முகம் தேவைப்பட்டது. ஒரு வேடத்துக்கு அப்படி ஓர் ஆயுள் அமைவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அதனால் இரண்டு காரியம் கேட்கிறேன். அடுத்த ஆண்டு நாடகத்துக்கு ஒப்புக்கொள். ஆனால் இருமலை வீட்டில் வைத்துவிட்டு வா. மறுபடி கீழ்த்தளத்துக்குப் போய் உட்கார். அன்றிலிருந்து ஆறு ஆண்டில் அந்தக் கல்மேசையைச் சுற்றியிருந்தவர்களில் சிலர் இருக்க மாட்டார்கள். புதிதாக வந்திருப்பவர்கள் அட்டையை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார். இரண்டாவது, ஒப்புக்கொள்ளும்போதே தயாரிப்பாளரிடம், அதே ஆண்டில் உன் வயதுக்கு ஏற்ற இன்னொரு வேடமும் வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். உன் பெயரைப் போட்டால் அரங்கு நிறையும் என்று அவருக்குத் தெரியும். தாத்தா உனக்குத் தேடித்தந்த செல்வாக்கு அது, அதைச் செலவழிக்க உனக்கு உரிமை உண்டு.

முதல் மேடையேற்றத்தில் நீ வைத்திருந்த கறுப்புக் குடை என்னிடம்தான் இருக்கிறது. தொலைக்காட்சிக்காரர்கள் புதுக் குடை கொடுத்ததால் அதை யாரும் கேட்கவில்லை; கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. ஒரு கம்பி வளைந்திருக்கிறது, கைப்பிடி கழன்று ஆடுகிறது. இந்த வாரத்துக்குள் பசை வாங்கி ஒட்டிவைக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா, அண்ணி தோசை சுடுவாள். போகும்போது குடையை எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
உன் அண்ணன்