குடும்பக் கட்டுப்பாடு குறித்து உலமாப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உலமாப் பெருமக்களுக்கும் பள்ளிவாசல் இமாம்களுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.

அடுத்த பிள்ளைக்கு இடைவெளி விடலாமா என்று ஒரு பெண் கேட்டால், "வறுமைக்கு அஞ்சி உங்கள் குழந்தைகளைக் கொல்லாதீர்கள்" என்ற வசனத்தை (17:31) ஓதி அத்துடன் பேச்சை முடித்துவிடும் வழக்கம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. அந்த வசனம் கண்டிப்பது குழந்தைக் கொலையை. கருவே உருவாகாமல் தடுத்துக்கொள்வது குறித்து நம் முற்கால இமாம்கள் 'அஸ்ல்' (கருத்தரிக்காதிருக்க, உறவின்போது கணவன் விந்தை வெளியே விடுவது) என்ற தலைப்பில் தனியாகவும் விரிவாகவும் ஆராய்ந்திருக்கிறார்கள்; கேட்பவருக்குச் சேர வேண்டியது அந்த ஆய்வுதான்.

குர்ஆன் அருளப்பட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே நாங்கள் அஸ்ல் செய்துவந்தோம் என்று நபித்தோழர் ஜாபிர் (ரலி) அறிவிப்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நபிமொழித் தொகுப்புகளிலும் உள்ளது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களை எட்டியும் அவர்கள் தடுக்கவில்லை என்பது முஸ்லிமின் அறிவிப்பு. அதே முஸ்லிமில், அஸ்லை மறைமுகமாக உயிருடன் புதைப்பதாகக் கூறும் ஜுதாமா (ரலி) அவர்களின் அறிவிப்பும் இருக்கிறது. அதைக் கொண்டு அறிஞர் இப்னு ஹஸ்ம் அஸ்ல் ஹராம் (தடுக்கப்பட்டது) என்றார்; பெரும்பான்மை அறிஞர்களோ விரும்பத்தகாதது என்ற அளவில் நிறுத்தினார்கள். இமாம் கஸ்ஸாலி, அஸ்ல் என்பது கருவைக் கலைப்பதோ சிசுவைப் புதைப்பதோ அல்ல என்று தெளிவாகப் பிரித்துக் காட்டியதோடு, பேறுகாலத்தில் மனைவியின் உயிருக்கு ஏற்படக்கூடிய ஆபத்தையும் ஏற்கத்தக்க காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறார். கருத்துவேறுபாட்டை மறைக்கும்படி நான் கேட்கவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் சொல்லாதீர்கள் என்றே வேண்டுகிறேன்.

என் மனத்தை மிகவும் வருத்துவது மனைவியின் சம்மதம் பேசப்படாமல் போவதுதான். நான்கு மத்ஹபுகளில் (மார்க்கச் சட்ட மரபுகளில்) ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ ஆகிய மூன்றும் கணவன் அஸ்ல் செய்வதற்கு மனைவியின் அனுமதியை நிபந்தனையாக்கின. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தில் மட்டும் அந்த நிபந்தனை இல்லை. பால்குடியை நிறுத்துவதைக்கூட இருவரும் மனமொப்பி ஆலோசித்து முடிவுசெய்யச் சொல்லும் மார்க்கத்தில் (2:233), கருவைச் சுமக்கப்போகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவளுக்கான தீர்ப்பு எப்படிச் சொல்லப்படுகிறது? 1988இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் (மார்க்கச் சட்ட) அகாடமி, தம்பதியர் கலந்தாலோசித்து, தீங்கில்லாத, ஆகுமான வழியில், உருவான கருவுக்குக் கேடு செய்யாமல் தற்காலிகமாகக் கருத்தடை செய்வதை அனுமதித்தது. தக்க நிர்ப்பந்தமின்றி நிரந்தரமாகக் கருத்தடை செய்வதையும், பிள்ளைப்பேற்றைக் கட்டுப்படுத்திப் பொதுச்சட்டம் இயற்றுவதையும் அது கூடாதென்றது. அரசின் கட்டாயத்துக்கு அஞ்சுவோரின் கவலைக்கும் இதில் பதில் இருக்கிறது.

ஒரு பேற்றுக்குப் பின் அடுத்த கருவுக்கு முயல 24 மாதங்களேனும் காத்திருக்குமாறு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. குர்ஆன் முழுமையான பாலூட்டலுக்குச் சொல்லும் காலமும் இரண்டு ஆண்டுகளே. இடைவெளி குறைந்தால் தாய்க்கு இரத்தச்சோகையும், குறைமாதப் பிறப்பும், சிசேரியன் தழும்பு கிழியும் ஆபத்தும் கூடுகின்றன. ஆணுறை, மாத்திரை, கருப்பையில் பொருத்தும் காப்பர் டி ஆகியவை நிறுத்தியதும் கருத்தரிக்க இயலும் தற்காலிக முறைகள். காப்பர் டி கருவைக் கலைக்கும் கருவி என்று நம்பிப் பல பெண்கள் அஞ்சுகிறார்கள். அது முதன்மையாக விந்தணுவின் செயலைத் தடுத்து, கரு உருவாகாமலே காக்கிறது. ஃபத்வா (மார்க்கத் தீர்ப்பு) வழங்குமுன் இத்தகைய விவரங்களை மகப்பேறு மருத்துவர்களிடம் கேட்டறிவது உங்கள் பொறுப்பு என்று கருதுகிறேன்.

ஆகவே நிக்காஹுக்கு முன்பான அறிவுரைகளிலும் ஜும்ஆ பயான்களிலும் (வெள்ளிக்கிழமை உரைகளிலும்) இதைக் கூச்சமின்றிப் பேசுங்கள். பெண்கள் நேரடியாகவோ ஆலிமாக்கள் (மார்க்கம் கற்ற பெண்கள்) வழியாகவோ கேட்க ஏற்பாடு செய்யுங்கள். இன்னொரு பேறு உயிருக்கு ஆபத்து என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பெண்ணுக்கு, நிரந்தரக் கருத்தடை நிர்ப்பந்தத்தில் அடங்குமா என்பதைத் தாமதமின்றித் தெளிவாகச் சொல்லுங்கள். கணவர் மட்டும் தனியே வந்து தீர்ப்புக் கேட்டால், அவருடைய மனைவியின் விருப்பத்தையும் உடல்நிலையையும் விசாரித்த பிறகே பதில் கூறுங்கள்.

வஸ்ஸலாம்.

இப்படிக்கு,
உங்கள் பதிலை எதிர்நோக்கும் ஒரு சகோதரி