அடுத்தவர் எழுத்தும் உன் எழுத்தும்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. போன வாரம் பேசும்போது உன் குரலில் களைப்பு தெரிந்தது. நண்பரின் நாவலை மறுபடி படித்துக் குறிப்பு எழுதுவதாகச் சொன்னாய். உன் நாவல் என்ன ஆயிற்று என்றதற்கு, "அது இருக்கட்டும்ப்பா" என்றாய். அதிலிருந்து மனசு கேட்கவில்லை.

நீ செய்வது பெரிய காரியம். பதிப்பகத்துக்குப் பிரதியை அனுப்பிவிட்டு, 'இல்லை' என்ற பதில்கூட வராமல் காத்திருப்பவர்களுக்கு, யாரோ ஒருவர் கடைசிப் பக்கம்வரை படித்தார் என்பதே பெரிய தெம்பு. ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937 கடைசியில் தொடங்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்ற பெருங்கதை 1954இல்தான் அச்சில் வரத் தொடங்கியது. நடுவே பலமுறை நின்றுபோனது. எழுத எழுத உட்கார்ந்து கேட்டவர் நண்பர் சி.எஸ். லூயிஸ். அவருடைய ஓயாத ஆவல் இல்லையென்றால் அதை முடித்திருக்கவே மாட்டேன் என்று டோல்கீனே பின்னாளில் எழுதியிருக்கிறார். லூயிஸ் குறைகளையும் சொன்னார். ஆனால் நண்பருக்காகக் கதையை எழுதித் தரவில்லை.

இங்கேதான் உன்னிடம் எனக்கு ஒரு சண்டை. நீ காட்டிய குறிப்புகளில் அவருடைய பத்திகளையே மாற்றி எழுதி வைத்திருக்கிறாய். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது உன் நடை. எங்கே கவனம் சிதறியது, எங்கே யார் பேசுகிறார்கள் என்று குழம்பியது, எந்தப் பாத்திரம் போனபின் தேடினாய், இவற்றை ஓரத்தில் குறித்துக் கொடு. சரிசெய்வது அவர் வேலை. மனம் நோகுமே என்று வெறுமனே 'அருமை' என்று எழுதிக் கொடுப்பதையும் விட்டுவிடு. எல்லாருக்கும் பொதுவாகச் சொல்கிற அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவரால் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

சி.சு. செல்லப்பாவைப் பற்றி அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, புதுக்கவிதையைப் பலர் கேலி செய்த காலத்தில் அதற்கு இடம் கொடுத்தார். பசுவய்யா, தருமு சிவராமு போன்ற இளைஞர்களின் கவிதைகள் அதில் வந்தன. போட்ட புத்தகங்களைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். இன்று நாம் படிக்கிற நவீன கவிதையில் அவர் பங்கு பெரிது. ஆனால் அவருடைய பெரிய நாவலான 'சுதந்திர தாகம்' வெளிவந்தது 1997இல். அப்போது அவருக்கு எண்பத்தைந்து வயது. அடுத்த ஆண்டே காலமானார். அந்த நாவலுக்கு 2001இல் சாகித்திய அகாதெமி விருது வந்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அவர் பிறருக்காக உழைத்தது வீண் என்று சொல்லவே மாட்டேன். அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. ஆனால் உன் நாவல் அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம் என்று ஆசைப்படுகிறேன். அப்பாவின் சுயநலம் என்றே வைத்துக்கொள்.

தெளிந்த தலையோடு இருக்கிற நேரம் உனக்குக் காலையில்தான். அதை உன் பக்கங்களுக்குக் கொடு. நண்பர்களின் பிரதிகளை மாலையில் எடு. ஒரே சமயத்தில் ஒருவருடையது போதும். "இந்த மாதம் முடியாது, அடுத்த மாதம் படிக்கிறேன்" என்று சொன்னால் உண்மையாக எழுதுகிறவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். அப்படி உன்னிடம் யாராவது சொன்னபோது நீ கோபித்துக்கொண்டாயா என்ன?

இன்னொன்று. எல்லாருடைய பிரதியும் உன்னிடம் வருகிறது. உன்னுடையதை இதுவரை யாரிடமும் கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்த நண்பரிடமே கொடு. உதவி வாங்கிக்கொண்டே இருப்பவருக்கும் ஒரு கூச்சம் இருக்கும், உன் பக்கங்களைப் படித்துக் கருத்துச் சொன்னால் அது குறையும்.

அம்மா நலம். எழுதிய வரைக்கும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா