குடியியற் கல்விப் பரீட்சை: தரம் 11 பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புடைய பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம்.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்க, கணிதத்துக்கு மேலதிக வகுப்பு உண்டா, விஞ்ஞானத்துக்கு ஆசிரியர் வந்துவிட்டாரா என்று நீங்கள் வாசலில் நின்று விசாரிக்கிறீர்கள். நல்லது, விசாரியுங்கள். ஆனால் இந்த ஆண்டில் ஒருவர்கூட குடியியற் கல்வி பற்றி என்னிடம் கேட்கவில்லை. ஆறு கட்டாயப் பாடங்களுக்கு அப்பால் மூன்று தொகுதிப் பாடங்களைப் பிள்ளைகள் தெரிவு செய்கிறார்கள். அவற்றில் "சும்மா வாசித்தால் போதும்" என்று பெயர் எடுத்த பாடம் இது. அந்த நம்பிக்கையோடு இதைத் தெரிவு செய்தவர்களின் இரண்டாம் தவணைப் புள்ளிகளைப் பார்த்த பிறகே இக்கடிதத்தை எழுதுகிறேன். குறிப்பாக அரசியலமைப்பு, அடிப்படை உரிமைகள், நீதிமன்றங்கள் என்று சட்டத்தோடு தொடர்புடைய அலகுகளில்தான் பிள்ளைகள் சறுக்கியிருக்கிறார்கள்.

அந்தத் தாளில் பாட ஆசிரியை ஒரு வினா கொடுத்திருந்தார். ஓர் இளைஞனைப் பொலிஸார் கைது செய்கிறார்கள், காரணம் சொல்லவில்லை, மீறப்பட்ட உரிமை எது, அவன் எங்கே நிவாரணம் தேடலாம்? வந்த விடைகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன: "இது பெரிய அநியாயம். மனித உரிமை மீறப்பட்டுள்ளது. ஜனநாயக நாட்டில் எல்லோரும் உரிமைகளைப் பாதுகாக்க வேண்டும்." பேச்சுப் போட்டியில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். பரீட்சையில் புள்ளி கிடைக்காது. கேட்ட இரண்டில் ஒன்றுக்கும் அங்கே விடை இல்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை, கைது செய்யப்படும் ஆளுக்குக் கைதுக்கான காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது. கைது செய்தது பொலிஸ். ஆகவே அது நிறைவேற்றுத்துறை அல்லது நிருவாகச் செயல். அப்படியான செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம், அதுவும் ஒரு மாதத்துக்குள். முழு விடை இவ்வளவுதான். நான்கு வரிகளில் எழுதி முடித்துவிடலாம்.

இதே வினாவைச் சற்றே மாற்றிப் பாருங்கள். அந்த இளைஞனைப் பிடித்து அறையில் அடைத்தது பொலிஸ் அல்ல, ஒரு தனியார் கடையின் காவலாளி. அப்போது? அடிப்படை உரிமை மனு பொருந்தாது. அந்த வழி அரசின் செயலுக்கு எதிரானது. காவலாளியின் செயல் குற்றவியல் சட்டத்தின் கீழ் வரும். பொலிஸில் முறையிட வேண்டும், வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். புத்தகத்தை மனப்பாடம் செய்த பிள்ளை இந்த இடத்தில் நின்றுவிடும். விளங்கிப் படித்த பிள்ளை யார் செய்தது என்று முதலில் பார்க்கும், பிறகு எந்தச் சட்டம், பிறகு எந்த இடம் என்று போகும். சட்டம் சார்ந்த எந்த வினாவுக்கும் இந்த ஒழுங்கு உதவும். ஆசிரியை இதைத்தான் இப்போது வகுப்பில் திரும்பத் திரும்பப் பழக்குகிறார்.

ஒரு மாதம் என்றதும் பல பெற்றோர் திகைக்கிறீர்கள் என்பதை அறிவேன். அந்த ஒரு மாதத்துக்குள் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவின் 1996ஆம் ஆண்டு 21ஆம் இலக்கச் சட்டத்தில் இந்த ஏற்பாடு இருக்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் அலுவலகங்கள் உள்ளன. இதை அறிந்திருப்பது பிள்ளைக்குப் புள்ளி தரும், உங்களுக்கும் ஒரு நாள் உதவலாம்.

யாருக்கு எந்த உரிமை என்பதிலும் கவனம் வேண்டும். சித்திரவதைக்கு உள்ளாகாமல் இருக்கும் உரிமையும் சட்டத்தின் முன் சமத்துவமும் எல்லா ஆட்களுக்கும் உரியவை. பேச்சுச் சுதந்திரம், ஒன்றுகூடும் சுதந்திரம் போன்ற 14ஆம் உறுப்புரை உரிமைகளோ பிரஜைகளுக்கு உரியவை. பிள்ளைகள் இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. மாலையில் நீங்கள் பார்க்கும் இந்தியத் தமிழ் அலைவரிசைகளின் செய்திகளில் உயர் நீதிமன்றம் என்பது மாநிலத்தின் நீதிமன்றம்; அதற்கு மேல் உச்ச நீதிமன்றம். நம் நாட்டில் உயர் நீதிமன்றம்தான் உச்சியில் இருக்கிறது. அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், பிறகு மேல் நீதிமன்றம், அதற்கும் கீழே மாவட்ட நீதிமன்றமும் நீதவான் நீதிமன்றமும். நம் விடைத்தாள்களில் "உச்ச நீதிமன்றம்" தாராளமாக உலவுகிறது. செய்தி பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. பரீட்சை முடியும் வரையாவது பிள்ளை அருகில் இருக்கும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பழைய புத்தகங்கள். அக்கா படித்த வழிகாட்டி நூலைத் தம்பிக்குக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். கணிதத்துக்கு அதில் தவறில்லை, முக்கோணத்தின் கோணங்கள் மாறப்போவதில்லை. சட்டம் மாறும். ஜனாதிபதி பாராளுமன்றத்தை எப்போது கலைக்கலாம் என்ற ஒரே வினாவை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஓர் ஆண்டு கழிந்ததும் கலைக்கலாம் என்றிருந்தது. 2015இல் அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் அதை நான்கரை ஆண்டுகள் ஆக்கியது. 2020இல் 20ஆவது திருத்தம் இரண்டரை ஆண்டுகளாகக் குறைத்தது. 2022இல் வந்த 21ஆவது திருத்தத்திலும் அந்த இரண்டரை ஆண்டுகளே நிலைத்தன. பழைய விடையைப் பார்த்து எழுதும் பிள்ளை, அந்த ஆண்டுக்குச் சரியான விடையை இந்த ஆண்டு எழுதிப் புள்ளியை இழக்கும். தகவல் அறியும் உரிமை அடிப்படை உரிமையாக 14அ உறுப்புரையில் சேர்ந்ததும் 2015இல்தான். அதற்கு முந்தைய நூல்களில் தேடினால் கிடைக்காது. குற்றப் பொறுப்புக்கான வயது 8 என்று அச்சிட்ட நூல்களும் இன்னும் கைமாறுகின்றன. 2018இல் அது 12 ஆக உயர்த்தப்பட்டுவிட்டது. கடந்தகால வினாத்தாள்களை நிச்சயம் செய்து பழக வேண்டும். அவற்றோடு வரும் விடைகளை ஆசிரியையிடம் காட்டிச் சரிபார்த்த பின்னரே நம்ப வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய ஒரு விடயமும் உண்டு. பொதுச் சட்டம், தனியார் சட்டங்கள் (ஒரு சமூகத்துக்கோ பகுதிக்கோ மட்டும் உரியவை) என்ற பகுதியில் "தமிழர்களுக்குத் தேசவழமை" என்று பிள்ளைகள் ஒரே அடியாக எழுதுகிறார்கள். தேசவழமை வட மாகாணத் தமிழ் வதிவாளர்களுக்கு உரியது. மட்டக்களப்புத் தமிழர்களாகிய நமக்கு அது பொருந்தாது. நமக்குப் பொதுச் சட்டம்தான். ஒரு காலத்தில் இங்கே முக்குவர் சட்டம் வழக்கில் இருந்தது, தாய்வழியாகச் சொத்து இறங்கும் முறை அது. இன்று அது நடைமுறையில் இல்லை. வீடு பெண்பிள்ளைக்கு என்று நாம் இன்றும் எழுதிக் கொடுப்பது வழக்கம், சட்டம் அல்ல. ஒருவர் உறுதியோ மரணசாசனமோ எழுதாமல் இறந்துவிட்டால், 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமை தொடர்பான கட்டளைச் சட்டப்படி சொத்தின் பாதி வாழ்க்கைத் துணைக்கு, மீதிப் பாதி மகன், மகள் என்ற பேதமின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாக. இதை வகுப்பில் சொன்ன அன்று மாலையே இரண்டு அப்பாமார் எனக்குத் தொலைபேசி எடுத்துவிட்டார்கள். காணிப் பிரச்சினைக்கு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதற்குச் சட்டத்தரணி இருக்கிறார். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அதுவும் பாடத்தில் வருகிறது.

மாகாண சபை பற்றிய வினாக்களுக்கு நம் பிள்ளைகளை மிஞ்ச வேறு மாவட்டத்தில் ஆள் இருக்கக் கூடாது. வரலாறு நம் வாசலிலேயே நடந்தது. 1987இல் மாகாண சபைகளுக்கு வழிசெய்த 13ஆவது திருத்தம்; வடக்கும் கிழக்கும் ஒரே மாகாண சபையின் கீழ் இணைப்பு; 2006 ஒக்டோபரில் அந்த இணைப்புச் செல்லாது என உயர் நீதிமன்றத் தீர்ப்பு; 2007 ஜனவரி முதல் கிழக்கு தனியாக; 2008இல் 37 உறுப்பினர்களுடன் முதலாவது கிழக்கு மாகாண சபை. அந்தத் தீர்ப்புக்கு வழி திறந்ததும் ஓர் அடிப்படை உரிமை வழக்குதான். தீர்ப்பு சரியா பிழையா என்று வீட்டில் எவ்வளவும் விவாதியுங்கள். விடைத்தாளில் நடந்தது என்ன என்பதைத்தான் எழுத வேண்டும். 2017இல் பதவிக்காலம் முடிந்த பின் தேர்தல் நடக்கவில்லை என்பதால் சிலர் "கிழக்கில் மாகாண சபை இல்லை" என்று எழுதுகிறார்கள். தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்கள் இல்லை என்பது சரி. சட்டப்படி மாகாண சபை இருக்கிறது, அதன் திணைக்களங்கள் இயங்குகின்றன, நம் பாடசாலையும் மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ்தான் நடக்கிறது. ஆனால் பாடநூலும் பரீட்சையும் மத்திய அரசிலிருந்து வருகின்றன. அதிகாரப் பகிர்வுக்கு இதைவிட நல்ல உதாரணத்தைப் பிள்ளை தேடத் தேவையில்லை.

இனி உங்களிடம் கேட்பது. நீங்கள் இந்தப் பாடத்தைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரவுச் சாப்பாட்டின்போது ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லி, "இது எங்கே போகும்?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். வேலிப் பிணக்கா? பணப் பெறுமதி குறைந்த பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால் அங்கே தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம். மாட்டைத் திருடிவிட்டார்களா? பொலிஸ், பிறகு களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றம். வீதி திருத்தத்துக்கு ஒதுக்கிய பணம் என்னவாயிற்று? 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுக்கலாம். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பிள்ளை தடுமாறினால் விடையைத் தேடிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நம் வகுப்பில் பலர். அவர்களின் அம்மம்மாமார் இதை எளிதாகச் செய்யலாம். ஊர்ப் பிணக்குகள் அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும்.

வேளாண்மை வெட்டும் பரீட்சைக் காலமும் இப்போது ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. வயல் வாடியில் காவலுக்கு ஆள் வேண்டும் என்பது எனக்கு விளங்காததல்ல, நானும் வயல் வட்டைக்குப் போய் வளர்ந்தவன். என்றாலும் தரம் 11 பிள்ளையை இரவுக் காவலுக்கு அனுப்ப வேண்டாம். யானை வரும் இடங்களுக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்பவே வேண்டாம். அதேபோல், பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறி, வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரைக்கு வகுப்புக்குப் போய் இருட்டிய பின் திரும்பும் பிள்ளைகளின் பெற்றோர், அந்த நேரத்துக்கு ஏற்ற பயன் கிடைக்கிறதா என்று ஒரு முறை கணக்குப் பாருங்கள். குடியியற் கல்விக்கென்று தனியாக வெளியே போகத் தேவையில்லை. பாடசாலை முடிந்த பின் ஆசிரியை இங்கேயே வகுப்பு எடுக்கிறார், கட்டணம் இல்லை. பரீட்சைக்குச் சில நாட்களுக்கு முன்பிருந்து மேலதிக வகுப்புகளையும் மாதிரி வினாத்தாள் விநியோகத்தையும் பரீட்சைத் திணைக்களம் தடை செய்வது வழக்கம். "நிச்சயம் வரும் வினாக்கள்" என்று கைத்தொலைபேசியில் சுற்றும் தாள்களை நம்பி, கடைசி இரவில் பிள்ளையின் நித்திரையைக் கெடுக்காதீர்கள்.

பரீட்சை நாள் பற்றிச் சுருக்கமாக. அனுமதி அட்டை, அடையாள அட்டை, இரண்டு பேனா. கைத்தொலைபேசி வீட்டில் இருக்கட்டும். பரீட்சை விதியை மீறினால் பல ஆண்டுகள் பரீட்சை எழுதத் தடை வரக்கூடும். பொதுப் பரீட்சைகளுக்கென்றே 1968இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது, குடியியற் கல்வி படிக்கும் பிள்ளை அதை அறியாமல் அகப்படுவது அழகல்ல. இரண்டாம் பத்திரத்தில் வாசிப்புக்கென்று தரும் மேலதிக 10 நிமிடங்களில் எழுதத் துடிக்காமல், எந்த வினாக்களைத் தெரிவு செய்வது என்று தீர்மானிக்க வேண்டும். "பெயரிடுக" என்றால் பெயர் மட்டும், "விளக்குக" என்றால் காரணத்தோடு. பெயரிடுக என்ற வினாவுக்கு அரைப் பக்கம் எழுதிவிட்டு, விளக்குக என்ற வினாவுக்கு நேரமில்லாமல் எழுந்து வருவது நம் பிள்ளைகளின் பழைய நோய்.

வரும் சனிக்கிழமை காலை 9 மணிக்கு இந்தப் பாடத்துக்கான பெற்றோர் சந்திப்பு பாடசாலை மண்டபத்தில் நடைபெறும். வீட்டிலுள்ள வழிகாட்டி நூல்கள், பழைய வினாவிடைத் தொகுப்புகள் அனைத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். எவை இன்னும் செல்லுபடியாகும், எவற்றை ஒதுக்க வேண்டும் என்று ஆசிரியை அங்கேயே பார்த்துச் சொல்வார். வயல் வேலையால் வர முடியாதவர்கள் பிள்ளையிடம் நூல்களைக் கொடுத்தனுப்பினாலும் போதும். உள் அட்டையில் பெயரை எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்
படுவான்கரை, மட்டக்களப்பு மாவட்டம்