பாடம் நடத்திக் காட்டச் சொல்லுங்கள்

ஐயா,

ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கும் 2018-இல் வந்த தமிழக அரசாணை 149, அரசுப் பள்ளி வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வை வைத்தது. சரி, இடம் குறைவு, வடிகட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் இரண்டுமே எழுத்துத் தேர்வு. கரும்பலகைப் பக்கம் யாரும் போகச் சொல்வதில்லை. தனியார் பள்ளிகளில் (சம்பளம் எப்படியோ!) நேர்காணலன்றே சாக்பீஸைக் கையில் கொடுத்து, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தச் சொல்கிறார்கள். முதுகைக் காட்டியபடி எழுதிக்கொண்டே போகிறவர் யார், கடைசி பெஞ்சையும் கேள்வி கேட்கிறவர் யார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக மாலை நேரங்களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது கைவந்த வேலை. காத்திருக்கும் பட்டதாரிகளும் கோச்சிங் சென்டர் நோட்ஸை மட்டும் உருப்போடாமல், பக்கத்துப் பள்ளியில் கேட்டு வாரம் இரண்டு வகுப்பாவது எடுக்கலாம். ஆசிரியர் தேர்வு வாரியம் பாடம் நடத்திக் காட்டுவதற்குப் பத்து மதிப்பெண்ணாவது ஒதுக்கட்டும்.

பி.எட். பட்டதாரி ஒருவர்,
திண்டுக்கல்