பனிக்குள்ள வீடு விக்கிறவனுக்கு

ஸ்காபரோ, தை 12

மச்சான்,

மூண்டு தரம் எடுத்தும் பதில் இல்லையெண்டு கோவமாம். பேசு, வாங்கிறன். சுகம் விசாரிக்கிறது பிறகு. மார்க்கம் வீட்டை 1,049,000 டொலருக்கு விற்பனைக்குப் போடப்போறியாம், விலை சொன்னது கட்டையனாம்! ஆட்டுக்குட்டிக்கு விலை பேசினவனிட்டயோ போய்க் கேட்டனீ?

பக்கத்து வீடு மே மாசம் போன விலையை அப்பிடியே வைக்காதை. கடைசி 90 நாளில வித்து முடிஞ்ச, உன்ரயைப் போல செமி வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோட ஒட்டினது) மூண்டு நாலு எடு. கேட்ட விலையைப் பாராதை, வித்த விலையைப் பார். மேயில இருந்து 5 வீதம் இறங்கியிருந்தால், அண்டைய 1,050,000 இண்டைக்கு 997,500. மில்லியனைத் தாண்டினால் இன்னொரு கரைச்சல்: தேடுறவன் உச்ச விலையை மில்லியனில நிப்பாட்டுவான், 1,005,000 அவன்ர கண்ணிலயே படாது. 2024 டிசம்பர் 15இல இருந்து மில்லியனுக்கு மேலயும் 20 வீதம் முன்பணம் கட்டாமல், வீட்டுக் கடனுக்கான மோட்கேஜ் காப்புறுதியோட வேண்டலாம்தான், ஆனால் அந்தத் தேடுற பழக்கம் போகேல்லை. 999,000க்குப் போட்டால் வாங்கிறவன்ர ஆகக் குறைஞ்ச முன்பணம் 74,900.

விலையைக் குறைச்சுப் போட்டு, எல்லாரும் ஒரே நாளில விலை கேக்கட்டும் எண்டு ஓஃபர் நாள் வைச்சு ஏத்துற விளையாட்டும் இப்ப வேண்டாம். பனிக்குள்ள ஒருத்தன்தான் வருவான், போட்டி இராது. பிறகு கூட்டிப் போட்டால் பழைய விலை எல்லா ஏஜென்ட்மாருக்கும் தெரியும்.

கூரை விளிம்பில ஈட்டி மாதிரி ஐஸ் தொங்குதோ? வாறவன் முதல் அதைத்தான் பார்ப்பான். கூரைக்குக் கீழ இருக்கிற அட்டிக்கால சூடு கசிஞ்சு, பனி உருகி, பீலியடியில திரும்ப உறையுது எண்டு விளங்கினால் மனசுக்குள்ளயே பத்தாயிரம் கழிச்சுப்போடுவான். சூட்டை வெளிய விடாமல் மறிக்கிற இன்சுலேஷனை முதல் பார். கூரையும் பனிக்குக் கீழ, ஏசியையும் குளிருக்க ஓட்டிப் பார்க்கேலாது. அதால கூரை மாத்தின ரசீது, ஏசி பில், கோடைப் படம் மூண்டையும் மேசையில வை. அஞ்சு அஞ்சரைக்கே இருட்டும், ஆக்களைப் பகலில கூப்பிடு.

வசந்தம் வரை பொறுக்கலாமெண்டால் கணக்குப் பார்: மாதம் வட்டி 2,500, வரி 400, காஸ் 200, காப்புறுதி 150. மூண்டு மாசத்துக்கு 9,750. அதுக்கு மேல விலை ஏறினால்தான் லாபம்.

ரெண்டு கிழமையில பத்துப்பேர் பார்த்தும் ஓஃபர் வரேல்லையெண்டால் பிழை விலையில. ஐயாயிரம் ஐயாயிரமாக் கிள்ளாதை, ஒரே வெட்டா வெட்டு.

ஞாயிறுக்குள்ள அந்த நாலு வீட்டு விபரமும் அனுப்பு. கட்டையனுக்குக் காட்டாதை.

உன்ர,
மொட்டை