உன் பெயரில் உள்ள சைட்டுக்கு வந்த அறிவிப்பு

கோயம்புத்தூர்

அன்புள்ள அம்மிணிக்கு,

இங்கே நானும் அப்பாவும் நலம். உன் பெயரில் உள்ள வீட்டு சைட்டில் ரோட்டுக்கு இடம் எடுப்பதாக அறிவிப்பு வந்திருப்பதைப் போனில் சொன்னபோது, "ரோடு வந்தால் சைட் மெயின் ரோட்டுக்கு வந்துவிடுமே, அத்தை ஏன் எதிர்க்கிறார்கள்?" என்று மாப்பிள்ளை பக்கத்திலிருந்து கேட்டது என் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் போனில் பதில் சொன்னால் பாதி விட்டுப் போகும் என்பதால் எழுதுகிறேன். ஆட்சேபணை மனுவின் இரண்டு படிகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் இருவரும் படித்துப் பார்த்து, உனக்குச் சரியென்று பட்டால் மட்டும் கையெழுத்துப் போடு. சைட் உன் பெயரில் இருப்பதால் உன் கையெழுத்து இல்லாமல் நான் கொடுக்கும் மனு அந்த இடத்தைப் பொறுத்தவரை செல்லாது.

மேற்கேயிருந்து வரும் 60 அடித் திட்டச் சாலை நம் லே-அவுட்டின் மதிலோடு முட்டி நிற்பது உனக்குத் தெரியும். மதிலை உடைத்து, பூங்காவின் குறுக்கே கொண்டு வந்து, நம் தெரு வழியாகவே நீட்டி, கிழக்கே சத்தி ரோட்டில் சேர்ப்பதாகத் திட்ட வரைவில் காட்டியிருக்கிறார்கள். நம் தெரு இப்போது 30 அடி. அதை 60 அடியாக்க இருபுறமும் பதினைந்து பதினைந்து அடி எடுத்தாக வேண்டும். அளக்க வந்தவர்கள் ஒவ்வொரு கேட்டுத் தூணிலும் சிவப்புப் பெயின்டில் ஓர் எண்ணும் ஓர் அம்புக்குறியும் போட்டுப் போயிருக்கிறார்கள். நம் தூணில் போட்ட அம்பு, அப்பா ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தையும் திண்ணையையும் தாண்டி முன்னறை ஜன்னலைக் காட்டுகிறது. எதிர்வீட்டில் அது மாடிப்படியின் அடியில் போய் முடிகிறது.

மாப்பிள்ளையின் கேள்விக்கு முதலில் கணக்காகவே பதில் சொல்கிறேன். உன் சைட் 30-க்கு 50. அதாவது 1,500 சதுர அடி, மூன்றரை சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. முன்னால் 15 அடி போனால் 450 சதுர அடி, ஒரு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேலேயே கழிந்துவிடும். மிஞ்சுவது 1,050 சதுர அடி. அகலமான ரோட்டை ஒட்டிக் கட்டுவதானால் முன்புறம் விட வேண்டிய காலியிடமும் கூடும். கடை என்றால் வண்டி நிறுத்த இடமும் காட்ட வேண்டும். சென்ட் விலை ஏறும் என்பது உண்மை. ஆனால் ஏறிய விலைக்கு விற்க நம்மிடம் நிற்பது, பிளான் போட்டால் நினைத்தபடி எதுவும் விழாத துண்டு.

எடுத்த இடத்துக்குப் பணம் கொடுப்பார்களே என்றால், கொடுப்பார்கள். 2013-ஆம் ஆண்டின் நிலம் எடுப்புச் சட்டப்படி சந்தை மதிப்பும், அதற்குச் சமமான ஆறுதல் தொகையும் தர வேண்டும். அந்தச் சந்தை மதிப்பை எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதில்தான் சங்கதி இருக்கிறது. பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பையும், அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயப் பத்திரங்களில் விலை கூடிய பாதியின் சராசரியையும் வைத்துப் பார்த்து, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்வார்கள். நம் ஊரில் எந்தப் பத்திரத்தில் முழு விலையை எழுதியிருக்கிறார்கள்? முத்திரைத்தாள் செலவை மிச்சம் பிடிக்க ஊரே சேர்ந்து குறைத்து எழுதிய தொகை, இப்போது ஊருக்கே அளவுகோலாகத் திரும்பி வருகிறது.

பூங்கா என்று நான் சொல்வதை மாப்பிள்ளை ஊஞ்சலும் சறுக்குமரமும் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது. சறுக்குமரம் துருப்பிடித்து எத்தனையோ காலமாயிற்று. அங்கே இருப்பது நம் லே-அவுட்டின் ஒரே பொதுப் போர்வெல்லும் மேல்நிலைத் தொட்டியும். நல்ல தண்ணீர் நாள் கணக்கில் இடைவெளி விட்டு வரும்போது குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லா வீட்டுக்கும் அந்த உப்புத் தண்ணீர்தான். ரோட்டின் நடுக்கோடு தொட்டியின் தூண்களுக்கு இடையே போகிறது. மாற்றுப் போர்வெல் எங்கே என்பதைப் பற்றி வரைவில் ஒரு வரிகூட இல்லை. அந்த இடம் அனுமதி பெற்ற மனைப்பிரிவில் பொது உபயோகத்துக்கென ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்த ரிசர்வ் சைட். பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தை வேறு காரியத்துக்கு மாற்றக் கூடாது என்று, பெங்களூர் வழக்கொன்றில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மனுவின் முதல் பாகம் இதைப் பற்றியது.

இரண்டாம் பாகம்தான் எனக்கு முக்கியம். லே-அவுட்டுக்குத் தெற்கே இட்டேரி ஒன்று, அந்தப் பழைய வண்டித்தடம், போகுமே, நினைவிருக்கிறதா? இருபக்கமும் கிளுவை வேலி, வேலி நெடுகக் கோவைக்கொடியும் பிரண்டையும், மழை பெய்தால் கணுக்கால் வரை சேறு. உன் சைக்கிள் செயின் அங்கேதான் அடிக்கடி கழன்றுகொள்ளும். நில அளவைப் பிரிவில் வரைவாளராக வேலை பார்த்தவள் என்பதால் நம் லே-அவுட் குடியிருப்போர் சங்கத்தார் பதிவேடுகளைப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும், நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தேன். இட்டேரி தனிச் சர்வே எண்ணில், வண்டிப்பாதைப் புறம்போக்கு என்றே இன்றைக்கும் நிற்கிறது. மேற்கே திட்டச் சாலை நிற்கும் இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில் தொடங்கி, நேரே சத்தி ரோட்டில் போய் ஏறுகிறது. பழைய புலப்படங்களில் அளவு லிங்க்ஸில் இருக்கும். 100 லிங்க்ஸ் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. இட்டேரிக்கு 50 லிங்க்ஸ் போட்டிருக்கிறது. அப்படியானால் 33 அடி.

டேப்பை எடுத்துக்கொண்டு அப்பாவும் நானும் நேரில் போய் அளந்தோம். சில இடங்களில் 12 அடிகூடத் தேறவில்லை. ஒரு பக்கம் கல்யாண மண்டபத்தின் வண்டி நிறுத்துமிடம் வேலியோடு உள்ளே வந்திருக்கிறது. இன்னொரு பக்கம் ஒரு குடோனின் மதில் சர்வே கல்லையே விழுங்கியிருக்கிறது. கல்லின் தலை மட்டும் மதிலுக்கு அடியில் ஒரு சாண் தெரிகிறது. அரசாங்கத்தின் பாதை அரசாங்கத்திடமே இருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து எடுத்தால், பாதைக்காக ஒரு சென்ட்கூட விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. இரண்டு வண்டி எதிரெதிரே போக 7 மீட்டர் தார் ரோடு போதும். அது 23 அடி. மிச்சம் பத்தடியில் இருபுறமும் சாக்கடையும் நடைபாதையும் வந்துவிடும். அறுபதடிதான் வேண்டும் என்றாலும், இட்டேரிக்குத் தெற்கே இன்னும் வீடு ஏறாத காலி நிலம் கிடக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டுக் குடியிருக்கும் தெருவின் மேல் கோடு இழுத்ததற்குக் காரணம் கேட்டால், "நேர்கோடாக வருகிறது" என்று சொல்கிறார்கள். நானும் ஆயுசுக்கும் கோடு இழுத்தவள்தான். மேஜைமேல் ஸ்கேலை வைத்து இழுக்கும் கோட்டுக்கு மண்டபமும் தெரியாது, மாடிப்படியும் தெரியாது. மண்டபம் தெரிந்தவர்கள் வேறு யாரோ பக்கத்தில் இருந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இந்தக் கடைசி வாக்கியத்தை மனுவில் எழுதவில்லை.

ரோடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கண்ணு. விளாங்குறிச்சியில் டைடல் பார்க் வந்து, 2011-இல் சரவணம்பட்டியும் காளப்பட்டியும் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு, இந்தப் பக்கம் ஜனம் எவ்வளவு பெருகியிருக்கிறது என்பது காலையில் சத்தி ரோட்டைக் கடக்க நிற்கும் யாருக்கும் தெரியும். ஆனால் அகலப்படுத்தினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் கோயம்புத்தூர்க்காரர் யாரும் உடனே நம்பிவிட முடியாது. 2010 செம்மொழி மாநாட்டுக்காக அவிநாசி ரோட்டை மரங்களை வெட்டி அகலப்படுத்தினார்கள். பதினைந்தே வருஷத்தில் அதே ரோட்டின்மேல் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டருக்கு மேம்பாலம் கட்ட வேண்டியதாகிவிட்டது. நம் தெருவைத் திறந்துவிட்டால், சத்தி ரோட்டு நெரிசலில் ஒரு பங்கு வீட்டு வாசலுக்கு வரும். சத்தி ரோட்டில் அது குறைந்ததாகவும் தெரியாது.

இனி, எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் லைன் வீடுகளில் இருப்பவர்கள், பெரும்பாலும் பவுண்டரியிலும் ஒர்க் ஷாப்பிலும் வேலை செய்பவர்கள், பஸ் ஏறச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். மனைப்பிரிவு போட்டவர் மதில் கட்டியதில்தான் அவர்கள் நடந்துவந்த ஒற்றையடித் தடம் அடைபட்டது. நாங்கள் எதிர்க்கிறோம் என்றதும், "காரை வீட்டுக்குள் நிறுத்துபவர்களுக்கு ரோடு எதற்கு?" என்று அங்கே ஒருவர் கேட்டார். அதற்குச் சங்கத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. ஆகவே மூன்றாம் பாகமாக, மதிலின் ஓரத்தில் நடந்து போகவும் இருசக்கர வண்டி போகவும் ஒரு வழி இப்போதே திறக்கலாம், எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதினேன். சங்கக் கூட்டத்தில் இதற்குப் பெரிய சண்டை நடந்தது. திருட்டுப் பயம் என்றார்கள், அந்நிய ஆள் நடமாட்டம் என்றார்கள். நம் கடைசி வீட்டுக்காரர், உனக்கு டியூஷன் எடுத்தவர், அந்தப் பாகம் இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்தே போய்விட்டார். மற்றவர்களில் பாதிக்கு மேல் ஒப்புக்கொண்டார்கள். சங்கத்தின் மனுவில் அந்தப் பாகம் சேரவில்லை. உன் மனுவிலும் என் மனுவிலும் இருக்கிறது.

எழுத்தில் கொடுப்பதால் என்ன ஆகிவிடும் என்று உனக்குத் தோன்றலாம். கெயில் எரிவாயுக் குழாய் விவகாரம் நடந்தபோது நீ கல்லூரியில் இருந்தாய். விளைநிலங்கள் வழியாகக் குழாய் பதிப்பதை எதிர்த்துக் கொங்கு மாவட்ட விவசாயிகள் தெருவில் இறங்கினார்கள். 2013-இல் மாநில அரசும் அவர்கள் பக்கம் நின்று, குழாயை நெடுஞ்சாலை ஓரமாகப் பதிக்கச் சொல்லி உத்தரவிட்டது. அந்த உத்தரவை அதே ஆண்டு உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2016-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மத்திய சட்டத்தின்கீழ் நடக்கும் வேலையை மாநில அரசு தடுக்க முடியாது என்பதில் அது நின்றுபோனது. அவ்வளவு பெரிய கூட்டத்தின் நியாயமே, உத்தரவு போட்டவருக்கு அதிகாரம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அடிபட்டுப்போனது. அதனால்தான் நான் தர்ணாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, முதலில் உரிய அதிகாரிக்கு, உரிய சட்டப்பிரிவில், குறித்த கெடுவுக்குள் மனு எழுதலாம் என்று பிடிவாதம் பிடித்தேன்.

நம் தெருவின்மேல் இந்தக் கோடு பழைய வரைபடத்திலேயே இருந்தது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். இருந்தால் நமக்குத்தான் நல்லது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 38-ஆம் பிரிவு ஒன்று இருக்கிறது. திட்டத்தில் ஒதுக்கிய நிலத்தை எடுப்பதற்கான அறிவிப்போ, பேசி வாங்குவதோ மூன்று ஆண்டுக்குள் நடக்காவிட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுபட்டதாகக் கருத வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கோடு இருக்கும்போதே வீட்டுமனைக்கு அனுமதி கொடுத்து, கட்டணமும் வாங்கிக்கொண்டு, நாற்பது வீட்டுக்கு வரியும் போட்டார்கள் என்பதை மனுவில் தனியாக எழுதியிருக்கிறேன்.

இடத்தை விற்றுவிடலாமா என்றும் மாப்பிள்ளை யோசித்திருப்பார். அது உங்கள் இருவரின் முடிவு. அம்மா குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அறிவிப்பு வந்த இடத்தை அதை மறைத்து விற்க வேண்டாம். வாங்க வருபவர் யாரோ ஒருவர், மில்லிலோ ஒர்க் ஷாப்பிலோ வேலை பார்த்துச் சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தோடு வருவார்.

கையெழுத்திடுவதானால், பென்சிலால் டிக் போட்ட மூன்று இடங்களில் போடு. பத்திரத்தில் உள்ளதுபோலவே இனிஷியலோடு இருக்கட்டும். சர்வே எண்ணையும் உட்பிரிவையும் உன்னிடமுள்ள பத்திர நகலோடு ஒருமுறை ஒத்துப் பார். ஒரு படியை உறைமேல் எழுதியிருக்கும் விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு நீயே அனுப்பு. அனுப்புநர் விலாசம் உன்னுடையதாக இருக்க வேண்டும். மற்றொன்றை எனக்கு அனுப்பினால், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் என் மனுவோடு சேர்த்துக் கொடுத்து ரசீது வாங்கிவிடுவேன். கெடு இந்த மாதக் கடைசி. மூன்றாம் பாகம் வேண்டாம் என்று உனக்குப் பட்டால் அதை அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்துப் போடு; ஆனால் அடிக்கும் முன் எனக்கு ஒரு போன் செய்.

குழந்தைகளை அம்முச்சி கேட்டதாகச் சொல். மாப்பிள்ளைக்கும் சொல்.

அன்புடன்,
அம்மா